ஜெபத்தில் வாங்கிய திட்டுகள்

ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு நர்ஸ்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். ‘துன்ப வேளையில் விசுவாசம் தந்த நம்பிக்கை.’ ஓய்வு பெற்றவர்களிடம்தான் இதையெல்லாம் கேட்பார்கள். வேலையில் இருப்பவர்களுக்கு நம்பிக்கைக்கு ஏது நேரம்?

“உற்சாகமா எழுதுங்க சிஸ்டர். ஆனா படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்” என்றாள் மூத்தவள்.

உற்சாகமும் வேண்டும், கண்ணீரும் வேண்டும். பிரசவ வார்டில் காலம் தள்ளியவளுக்கு இது ஒன்றும் புதிய கோரிக்கை அல்ல. காப்பி கொடுத்துவிட்டு, இப்போது காலை ஜெபம் யார் நடத்துகிறார்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

“இப்ப டேப் போட்டுடறோம் சிஸ்டர். எல்லா வார்டுலயும் ஸ்பீக்கர் வெச்சிருக்கு. நல்ல குரல், கேட்டா மனசுக்கு அமைதியா இருக்கும்.”

“அந்தக் குரலுக்கு உங்க பேர் தெரியுமா?”

“அதுக்கு எப்படி சிஸ்டர் தெரியும்?”

“அப்ப உங்களையெல்லாம் யார் திட்டறது?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் மேட்ரன் சாராள் அம்மாளைப் பற்றி எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

நான் வையம்பட்டிப் பக்கத்து உபதேசியார் மகள். எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்ததுண்டு, ஜெபத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பயிற்சியில் கற்றதைச் சொல்ல ஒரு பத்தியே அதிகம். படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன், ஊசியைக் கொதிக்க வைக்கக் கற்றேன், தூங்காமல் தூங்கக் கற்றேன். மற்றதெல்லாம் சாராள் அம்மாளின் காலை ஜெபத்தில் கற்றதுதான்.

மருந்து கொடுக்கும் அறைக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவில் ஒரு கூடம் இருந்தது. காலை மணி அடித்ததும் நர்ஸ்கள் வரிசையாக நிற்போம், ஆயாக்கள் தரையில் உட்காருவார்கள். சமையற்காரர் கதவோரம் கைகட்டி நிற்பார். அவர் கிறிஸ்தவர் அல்ல, சமயபுரத்துக்கு வருஷம் தவறாமல் நடந்து போகிறவர். இருந்தாலும் அவர் வராமல் இருக்க முடியாது. காரணம் பின்னால் தெரியும். ஒரு கீர்த்தனை பாடுவோம். வேதத்தில் ஒரு பகுதி வாசிக்கப்படும். பிறகு மேட்ரன் அம்மா முன்னால் வந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணை மூடுவார். நாங்கள் முந்தின நாள் செய்த தப்புகளை அவசரமாக எண்ணத் தொடங்குவோம்.

“பரம பிதாவே, இந்த இரவும் எங்களைக் காத்தீரே, ஸ்தோத்திரம். மூன்றாம் கட்டில் பாப்பம்மாளுக்கு ஜுரம் இறங்கப்பண்ணினீரே, ஸ்தோத்திரம். இறங்கிய ஜுரத்தைச் சார்ட்டில் குறிக்க மறந்துபோன உம்முடைய பிள்ளைக்கு ஞாபக சக்தியைக் கட்டளையிடும். ஜன்னலோரக் கட்டில் மீனாட்சிக்கு முதுகில் புண் வராமல் காத்தருளும். அவளைப் புரட்டிப் போட வேண்டியவர்களுக்கு அது தங்கள் வேலை என்ற உணர்வைத் தாரும். சாம்பாரில் உப்பைக் குறைக்க எங்கள் சகோதரருக்கு உதவி செய்யும்.”

கதவோரத்திலிருந்து சமையற்காரர் பயபக்தியோடு “ஆமேன்” என்பார்.

லீவு இல்லை என்பதும் இப்படித்தான் தெரியவரும். “உம்முடைய பிள்ளை ரோஸ்லின் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக ஆசைப்படுகிறாள். அவளுக்குப் பொறுமையைத் தாரும்” என்றால் ரோஸ்லின் மூட்டையை அவிழ்த்துவிடலாம். வார்டு மாற்றமும் அப்படியே. “தயாமணியைப் பிரசவ வார்டு ஊழியத்துக்கு அழைத்திருக்கிறீரே” என்று ஒரு நாள் காதில் விழுந்தது. ஆண்டவர் என்னை எங்கே அழைக்கிறார் என்பதை ஒவ்வொரு தடவையும் மேட்ரன் அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கண் திறந்திருக்கும்போது அவர் யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. கண்ணாடிக் குழாயை உடைத்தாலும், மருந்தைக் கொட்டினாலும், “சரி, நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்” என்று புன்னகையோடு போய்விடுவார். அந்தப் புன்னகைக்குப் பயந்து நாங்கள் சாப்பிடாமல் படுத்ததுண்டு.

ஜெபத்தில் வந்த திட்டுக்குப் பதில் சொல்ல வழியே கிடையாது. குறுக்கே பேசினால் ஆண்டவரை இடைமறித்த குற்றம். முறைத்துப் பார்க்கலாம் என்றால், ஜெப வேளையில் நீ ஏன் கண்ணைத் திறந்தாய் என்ற கேள்வி வரும். மிச்சம் இருப்பது ஆமென் ஒன்றுதான். தன்னைத் திட்டிய திட்டுக்குத் தானே ஆமென் சொல்லிச் சம்பளம் வாங்கும் உத்தியோகம் வேறு எங்காவது உண்டா என்று ஹாஸ்டலில் பேசிச் சிரிப்போம். ரோஸ்லின் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடித்துக் காட்டுவாள்.

சிரித்தாலும் ஒன்று தெரியும். கட்டிலில் கிடக்கும் ஒவ்வொருத்தியின் பெயரும், அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதும், தினமும் ஒரு தடவையாவது அந்தக் கூடத்தில் சொல்லப்படும். விட்டுப்போனது என்று ஒரு பெயர் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

சாராள் அம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா செத்தபோது கைக்குழந்தையாக இருந்த தங்கை லில்லியை வளர்த்தவர் அவர்தான். படிக்க வைத்து, டீச்சராக்கி, உறையூரில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார். லில்லி உண்டானபோது எங்களுக்கெல்லாம் லட்டு கிடைத்தது. அன்றைய ஜெபத்தில் யாரையும் திட்டவில்லை.

எட்டாம் மாதத்தில் லில்லிக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. பிறகு வலிப்பு வந்தது. ஊரில் ஜன்னி என்பார்கள், டாக்டர்கள் எக்லாம்ப்சியா என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்தக் காலத்தில் அது வந்தால் பயம்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தோம். மேட்ரன் அம்மா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. செய்யாத சிகிச்சை இல்லை, பண்ணாத ஜெபம் இல்லை. தாயும் போனாள், பிள்ளையும் போனது.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். மேட்ரன் அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தார். சோதனை இல்லாமல் ஜெயம் இல்லை என்றார் இன்னொருவர். அவருக்கும் காப்பி. உங்கள் விசுவாசம் எங்களுக்கெல்லாம் பெரிய சாட்சி என்று ஓர் அம்மாள் அழுதார். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, கூடத்தில் முன்னால் வந்து நின்றார். கையில் அச்சடித்த ஜெபப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு பக்கத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு வாசித்தார். மூடினார். போய்விட்டார். ஒரு பெயர் இல்லை, ஒரு கட்டில் இல்லை.

முதலில் எங்களுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. திட்டு இல்லாத ஜெபம் எவ்வளவு சுருக்கமாக இருக்கும் என்பதை அப்போதுதான் கண்டோம். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் போனார்கள், திங்கட்கிழமை வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். சாம்பார் கடல்தண்ணீரானது. பிறகு ஒரு நாள், மாசக்கணக்கில் எழுந்திருக்காமல் கிடந்த மீனாட்சியின் முதுகில் புண் வந்தது. அடுத்த நாள் ஜெபத்தில் அவள் பெயர்கூட வரவில்லை. எங்கள் கொண்டாட்டம் அன்றோடு முடிந்தது.

கொஞ்ச நாளில் மேட்ரன் அம்மா புத்தகத்தையும் விட்டுவிட்டார். “இனிமே நீங்களே முறை வெச்சு ஜெபம் பண்ணுங்க. எனக்குத் தொண்டை சரியில்லை” என்றார். தானும் வரிசையில் நின்றார். பகல் முழுக்கத் துணி அறையிலேயே இருந்தார். விரிப்பை மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பிரசவ வார்டு வாசலை மிதிக்கவே இல்லை. ஜெபம் பண்ணும் முறை வந்த நர்ஸ்கள் உலக சமாதானத்துக்காகவும் நேருவின் ஆரோக்கியத்துக்காகவும் வேண்டிக்கொண்டார்கள். மேட்ரன் அம்மாவுக்காக வாய்விட்டு ஜெபம் பண்ண ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை.

கோமளா வந்தது அப்போதுதான்.

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. புருஷன் வரதன் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைப்பவர். முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கும் பிறக்கும்போதே உயிரில்லை. மூன்றாவது இது, எட்டாம் மாதம். தலைவலி என்று இரண்டு நாளாகப் படுத்திருந்தவளை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தார். காவிரிப் பாலத்தின் மேலேயே வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலிருந்து அவளைத் தூக்கியபோது முகம் யார் முகம் என்றே தெரியாதபடி வீங்கியிருந்தது.

பெரிய டாக்டரம்மா மிஷன் கூட்டத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தார். இருந்தவர் டாக்டர் சுகுணா, புதியவர், கெட்டிக்காரர். உடனே இருட்டறையைத் தயார் செய்யச் சொன்னார்.

அந்த அறையைப் பற்றி இன்றைய நர்ஸ்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெளிச்சமும் சத்தமும் வலிப்பைக் கூப்பிட்டுவிடும் என்பது அன்றைய கணக்கு. நட்டநடுப் பகலில் ஜன்னல்களை அடைத்துக் கறுப்புத் துணி தொங்கவிடுவோம். கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவோம். வாளிக்கு அடியில் சாக்கு, தட்டின் மேல் துணி, நோயாளியின் காதில் பஞ்சு. டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். தலையணை கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஊறும் எச்சில் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழிய விட வேண்டும். வலிப்பில் பல் கிட்டிக்கொண்டால் நாக்கு துண்டாகும். அதனால் பஞ்சு சுற்றிய மரக்கரண்டி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சிறுநீரைக் குழாய் வைத்து எடுத்து, கண்ணாடிக் குப்பியில் காய்ச்சிப் பார்க்க வேண்டும். கோமளாவுடையது முட்டை வெள்ளைபோலத் திரண்டது, வியாதி முற்றியதன் அடையாளம். வலிப்பை அடக்கும் ஊசியைப் போடும் முன் ஒவ்வொரு தடவையும் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும். கால் துள்ளினால் போடலாம். துள்ளாவிட்டால் மருந்து அதிகமாகிவிட்டது, போட்டால் மூச்சு நின்றுவிடும். உயிர் போவதற்கு இரண்டு பக்கமும் வாசல் திறந்திருந்த வியாதி அது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம், வலிப்பு வருவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடிப்பது. பல் கிட்டிய பிறகு கரண்டி நுழையாது. மேட்ரன் அம்மாவுக்கு அது தெரியும். நோயாளியின் உள்ளங்கையில் தன் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டைவிரல் உள்ளே மடங்கத் தொடங்கும்போதே கரண்டியை வைத்துவிடுவார். எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். சொல்லிக்கொடுத்தால் வந்துவிடுமா?

டாக்டர் சுகுணா துணி அறைக்கே போய்க் கேட்டார். நானும் கூட நின்றேன்.

“மேட்ரன், நீங்க வந்து உக்காந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

“நீங்க இருக்கீங்களே டாக்டர். தயாமணி இருக்கா. எனக்கு ஸ்டோர் வேலை கிடக்கு” என்றார் மேட்ரன் அம்மா. கையில் தலையணை உறை இருந்தது. அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். டாக்டருக்கும் அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் கோமளாவுக்கு வலிப்பு வந்தபோது எங்கள் கை ஒரு நொடி பிந்திவிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விரிப்பெல்லாம் ரத்தம். வெளியே வரதன் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் ரத்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன்.

மறுநாள் காலை ஜெபம் என் முறை.

நேருவின் ஆரோக்கியத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன். முன்னால் நின்று முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடியதும், வாய் வேறு வழியில் போய்விட்டது.

“பரம பிதாவே, இருட்டறையில் ஸ்ரீரங்கத்துக் கோமளா கிடக்கிறாள். நேற்று எங்கள் கையில் இருக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வலிப்பு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. வருமுன்னே தெரிந்துகொள்ளும் ஒருவரை இந்த ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறீர். அவர் துணி அறையில் தலையணை உறை மடித்துக்கொண்டிருக்கிறார். உறைகள் ஓடிப்போகாது ஆண்டவரே, கோமளா போய்விடுவாள். அவருக்கு உம்மேல் கோபம் இருக்கிறது. இருக்கட்டும். கோபத்தோடேயே அவரை அந்த அறைக்கு அனுப்பும். அங்கே சத்தமே கூடாது என்பதால், ஜெபம் பண்ண வேண்டுமே என்ற சங்கடமும் அவருக்கு இல்லை.”

ஆமென் சொல்ல ஓர் ஆள் இல்லை. நானும் கண்ணைத் திறக்கவில்லை, திறந்தால் வேலை போய்விடும் என்று தோன்றியது. கடைசியில் கதவோரத்திலிருந்து சமையற்காரரின் குரல்தான் கேட்டது. “ஆமேன்.”

“தயாமணி.”

கண்ணைத் திறந்தேன். மேட்ரன் அம்மா முகமெல்லாம் சிவந்து என் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“ஜெபத்துல ஆளைக் குத்திப் பேசறது என்ன பழக்கம்? ஆண்டவர் சந்நிதியில இப்படியா பேசுவாங்க? எங்க கத்துக்கிட்ட இதை?”

ரோஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஆயாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணைத் திறந்துகொண்டு திட்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். திட்டி முடித்து, இடுப்பிலிருந்த துணி அறைச் சாவிக்கொத்தை உருவி ரோஸ்லின் கையில் திணித்தார். விடுவிடுவென்று இருட்டறைப் பக்கம் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் உள்ளே போனார்.

அதன் பிறகு கோமளா நாக்கைக் கடிக்கவில்லை. வலிப்பு நிற்கவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கரண்டி போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான். மேட்ரன் அம்மா ஸ்டூலில் அசையாமல் இருப்பார். கட்டைவிரல் மடங்கும்போது என் முழங்கையைத் தொடுவார். நான் பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடிப்பேன்.

வரதன் கோயில் வேலை முடிந்த கையோடு, ஒரு சின்னச் செம்பில் துளசித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று நாங்கள் திருப்பி அனுப்பினோம். ஒரு தடவை மேட்ரன் அம்மாவே வெளியே வந்தார். நான் மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

“உள்ள எறங்க வேண்டாம்மா. நெத்தியில தெளிச்சாப் போறும்” என்று கெஞ்சினார் வரதன்.

மேட்ரன் அம்மா செம்பை வாங்கினார். பஞ்சை நனைத்துக்கொண்டு போய்க் கோமளாவின் நெற்றியில் ஒற்றிவிட்டு வந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைக் கண்டு, “தண்ணிதானே. ஜுரத்துக்கும் நல்லது” என்றார்.

வரதன் கையைக் கூப்பினார். “அம்மா, நீங்க உங்க ஸ்வாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேளா?”

“இல்லை. கொஞ்ச நாளா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை.”

அந்த மனிதர் ஆச்சரியப்படவே இல்லை. “நேக்கும் கோபம்தான். மூணாவது தடவை இது. எங்க பெருமாள் என்னடான்னா நிம்மதியாப் படுத்துண்டிருக்கார். ஆனா தளிகையை நிறுத்த முடியலையே. அடுப்பு மூட்டற நேரம் வந்தா கை தானாப் போறது. திட்டிண்டேதான் கிளறறேன்.”

“ருசி எப்படி இருக்கு?” என்று கேட்டார் மேட்ரன் அம்மா.

“ருசிக்கு என்ன? நன்னாத்தான் இருக்கு” என்றார் வரதன். பிறகு, “கொழந்தை அவர் திருவுள்ளம். இவளை மட்டும் குடுத்துடச் சொல்லுங்கோ” என்றார்.

டாக்டர் சுகுணா ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார். ஆண் குழந்தை. உள்ளங்கையளவு. பூனைக்குட்டிபோல அழுதது, அழுத சத்தத்தில் எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்துவிட்டது. பஞ்சில் சுற்றி வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தோம். அடுத்த நாள் மத்தியானம் அது போய்விட்டது. கோமளாவுக்கு வலிப்பு நின்றது. வீக்கம் வடிய வடிய, இத்தனை சின்னப் பெண்ணா என்று நினைக்கும்படி ஒரு முகம் வெளியே வந்தது.

தெளிந்தபோது அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஜட்கா ஏறியதே ஞாபகம் இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிரசவம் ஆயிடுத்தா?” என்று கேட்டாள். மேட்ரன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். ஆண்டவர், தோட்டம், பூ எதுவும் சொல்லவில்லை. “ஆம்பளைப் புள்ளை. அழுதான். ஒரு நாள் இருந்தான். எங்களால காப்பாத்த முடியலை” என்றார்.

கோமளா அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூடத்தை ஒட்டிய பெண்கள் வார்டுக்கு அவளை மாற்றினோம். அங்கும் சுவர்தான். கஞ்சி வேண்டாம், பேச்சு வேண்டாம். வரதன் பெருமாள் திருவுள்ளம் என்று தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள். பார்க்க வந்த உறவுக்கார மாமி, “அடுத்த வருஷம் இதே நாள் மடியில ஒண்ணு இருக்கும் பாரு” என்றாள். பக்கத்துக் கட்டில் முதலியார் வீட்டு அம்மாள்கூட முகத்தைச் சுளித்தார்.

அடுத்த நாள் காலை ரோஸ்லின் முறை. அவள் முன்னால் போகக் காலெடுத்தபோது, மேட்ரன் அம்மா வரிசையிலிருந்து விலகி அவளுக்கு முன்னால் போய் நின்றார். கையில் புத்தகம் இல்லை. முக்காட்டை இழுத்தார். கண்ணை மூடினார். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. தொண்டை நிஜமாகவே சரியில்லையோ என்று நினைத்தேன்.

“பரம பிதாவே” என்றார். “கோமளாவைக் கொடுத்தீர், ஸ்தோத்திரம். அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. என் லில்லியையும் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் எல்லாரும் தெரியும் என்றார்கள், எனக்குத் தெரியாது. நான் இதை விடப்போவதில்லை. தினமும் கேட்பேன். உம்மிடம்தான் கேட்பேன், கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை. நீர் பதில் சொல்லும்வரை இங்கே வேலை கிடக்கிறது. மீனாட்சியின் முதுகுப் புண்ணை ஆற்றும், அதைப் பார்த்தும் பாராமல் போனவர்களை மன்னியும், என்னையும் சேர்த்து. கோமளாவுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கிடக்கிறது, வெட்கத்தில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று முழுவதும் அவள் பக்கத்திலேயே இருந்தும் அதைத் தொட்டுப் பார்க்காத உம்முடைய பிள்ளை தயாமணிக்குக் கண்ணைத் திறந்தருளும்.”

ஆமென் என்று கூடமே அதிர்ந்தது. அதில் என் குரல்தான் பெரிது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று திரும்பிப் பார்த்தால், ரோஸ்லினும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டக்கூட இல்லை.

பிள்ளை இல்லாத மாருக்குப் பால் வற்ற, எங்கள் பக்கத்தில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். மாத்திரையும் இருந்தது. மேட்ரன் அம்மாவுக்குப் பூவில்தான் நம்பிக்கை. வராண்டாவில் நின்ற வரதனை அழைத்து, “மார்க்கெட்டுக்குப் போயி உதிரி மல்லி வாங்கிட்டு வாங்க. தொடுத்தது வேண்டாம்” என்றார்.

அவர் வாழையிலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். “இதை எங்கம்மா சாத்தணும்? உங்க கோயில்லயா?”

“உங்க சம்சாரத்துக்குத்தான். நீங்க வெளியில இருங்க.”

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன். பூவைப் பரப்பி, அகலமான துணியை வைத்து நானும் மேட்ரன் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறுக்கிக் கட்டினோம். அதுவரை மரக்கட்டைபோலக் கிடந்த கோமளா, பூ வாசனை மூக்கில் ஏறியதும் எதற்கு இந்தப் பூ என்று புரிந்துகொண்டாள். அப்போதுதான் அழுதாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி, வாய்விட்டு, கடித்த நாக்கு வலிக்க வலிக்க அழுதாள். மேட்ரன் அம்மா அழாதே என்று சொல்லவில்லை. துணியின் முடிச்சைப் பிடித்தபடி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

அழுகை ஓய்ந்து வெகு நேரம் கழித்துக் கோமளா பேசினாள்.

“காத்தால உங்க குரல் இங்க கேட்டுது. என் பேரைச் சொன்னேள்.”

“சொன்னேன்.”

“ஜெபமா அது?”

“சண்டை போட்டேன்.”

“என் கொழந்தைக்காகவா?”

“உன் கொழந்தைக்கு. என் தங்கச்சிக்கும்.”

கோமளா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கும் போடுங்கோ” என்றாள்.